பின்வாங்குவது யார்? குறுக்கெழுத்தில் பின்னடைவுக் குறிப்புகளை அவிழ்க்க ஒரு முழு வழிகாட்டி

மூச்சு வாங்க, கூட்டத்தோடு ஓட முடியாமல் போ (5).

சேலத்திலிருந்து ஏற்காடு ஏறும் பஸ்ஸில், ஒன்பதாவது கொண்டை ஊசி வளைவில் இந்தக் குறிப்பு எனக்குச் சிக்கியது. யோசிக்கவே இல்லை. பேனாவை எடுத்து 'பின்வாங்கு' என்று எழுதிவிட்டேன். பி, ன், வா, ங், கு. ஐந்து கட்டத்துக்கு ஐந்து எழுத்து, கச்சிதம். இருபது வளைவும் முடிந்து பஸ் ஏரிக்கரையைத் தொடும்போது அந்தத் தாளைப் பார்க்கவே சகிக்கவில்லை. நான் எழுதிய 'வா' மேலிருந்து கீழாக வர வேண்டிய சொல்லைக் கெடுத்தது. அதைத் தப்பாக எழுதியதால் அதற்கு அடுத்த இரண்டும் கெட்டன. விடை 'பின்தங்கு'. குறிப்பில் இருந்த 'வாங்க' என்ற சொல் என்னை இழுத்துக்கொண்டு போயிருக்கிறது.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியப்பா சிரித்தார். "பின்வாங்கறவன் தானா முடிவு பண்ணிப் போறான் கண்ணு. பின்தங்கறவன் முடியாம நிக்கிறான். ரெண்டும் ஒண்ணாயிடுமா?"

அவர் தபால் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அஸ்தம்பட்டி வீட்டில் தினசரி காலண்டரில் கிழித்த தாள் ஒன்றுகூடக் குப்பைக்குப் போகாது. எல்லாவற்றின் பின்பக்கத்திலும் புதிர்க் குறிப்பு எழுதி வைத்திருப்பார். கீழே வரும் உதாரணங்கள் பெரும்பாலும் அவரும் நானும் அந்தத் தாள்களில் கட்டிப் பார்த்தவை.

கட்டத்தை எண்ணுவது

இது பலருக்குத் தெரிந்ததுதான், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தமிழ்க் கட்டத்தில் உயிர்மெய் ஒரு கட்டம், புள்ளி வைத்த மெய்யும் ஒரு கட்டம். 'விலகு' மூன்று, 'பின்னடைவு' ஐந்து, 'புறமுதுகு' ஐந்து. அப்புறம் வினையின் வடிவம். குறிப்பு 'விலகு' என்று ஏவினால் விடையும் ஏவலாக வரும். 'விலகினான்' என்றால் கடைசிக் கட்டத்தில் 'ன்' வர வாய்ப்பு அதிகம். 'விலகுதல்' என்றால் 'ல்'. விடை தெரியாவிட்டாலும் அந்தக் கடைசி எழுத்தைப் பென்சிலில் லேசாகப் போட்டு வைக்கலாம். குறுக்கே வரும் சொல்லுக்கு அது உதவும்.

'பின்வாங்கு', 'பின்தங்கு' இரண்டுக்கும் ஐந்து கட்டம். வித்தியாசம் மூன்றாவது கட்டத்தில் மட்டும். ஆகவே சந்தேகம் வந்தால் மற்ற நான்கை நிரப்பிவிட்டு, மூன்றாவதைக் காலியாக விட்டு, அதன் வழியே இறங்கும் சொல்லைப் போய்ப் பாருங்கள். அன்றைக்கு பஸ்ஸில் நான் செய்யாமல் விட்டது இதைத்தான்.

பொருளா, கட்டளையா?

குறிப்பில் பின்வாங்கு, திரும்பு, தலைகீழ், புரண்டு என்று எது வந்தாலும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே. இந்தச் சொல் விடையின் பொருளைச் சொல்கிறதா, இல்லை வேறொரு சொல்லைத் திருப்பிப் போடச் சொல்கிறதா?

பின்வாங்கும் சிறைவாசியே, ஒன்றும் புரியாமல் விழி (2).

சிறைவாசி என்றால் கைதி. 'கை', 'தி' இரண்டையும் திருப்பினால் திகை. ஒன்றும் புரியாமல் விழிப்பதும் திகைப்பதுதான். இங்கே 'பின்வாங்கும்' வெறும் கட்டளை, யாரும் எங்கேயும் ஓடவில்லை.

தொட்டுப்பார்! பின்வாங்கினால் மதுரை நதி (2).

தொட்டுப்பார் என்றால் கை வை. திருப்பினால் வைகை.

இந்த இரண்டு குறிப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 'பின்வாங்கும்' பெயரெச்சம், தனக்கு அடுத்து நிற்கும் பெயரைப் பிடித்துக்கொள்ளும். அதனால் அதை அடுத்து வரும் 'சிறைவாசி'யைத் திருப்ப வேண்டும். 'பின்வாங்கினால்', 'பின்வாங்கி', 'திரும்பி' எல்லாம் தாம் கடந்து வந்த சொல்லைத் திருப்பும். எதைத் திருப்புவது என்று முழிக்கிறவர்கள் பெரும்பாலும் இந்த இலக்கணத்தைக் கவனிக்காதவர்கள். பள்ளிக்கூடத்தில் பெயரெச்சம் வினையெச்சம் படித்தது எதற்கு என்று கேட்டவர்களுக்கு இதோ ஒரு பயன்!

திட்டிவிட்டுத் திரும்பி, அழுக்குத் துணியைக் கல்லில் அடி (2).

திட்டிவிட்டு என்றால் வைது. திருப்பினால் துவை. இதில் எச்சம் முன்னே போன 'திட்டிவிட்டு' என்பதைத் திருப்புகிறது, மீதி முழுக்கப் பொருள்.

இன்னொரு நுணுக்கம், 'உம்'. 'பின்வாங்கினால்' என்று வந்தால் திருப்ப வேண்டும். 'பின்வாங்கினாலும்' என்று வந்தால் திருப்பினாலும் மாறாத சொல் என்று அர்த்தம். 'முன்னேறினாலும் பின்வாங்கினாலும் காவிரி பிறக்கும் நாடு (3)' என்றால் குடகு. எந்தப் பக்கமிருந்து படித்தாலும் குடகுதான். மேட்டூர் நீரை நம்பி இருக்கிற மாவட்டத்துக்காரர்கள் இந்தக் குறிப்பைத் தவற விடக்கூடாது.

சரி, எல்லாச் சொல்லையும் இப்படித் திருப்ப முடியுமா? முடியாது, அதில்தான் நமக்கு லாபம். தமிழில் மெய்யெழுத்தில் சொல் தொடங்காது. 'சேலம்' என்பதைத் திருப்பினால் 'ம்' முதலில் வந்து நிற்கும், அது சொல்லே ஆகாது. ட, ற, ண, ன, ள, ழ வரிசையில் முடியும் சொற்களும் திரும்பாது. 'மாடு' திரும்பினால் 'டுமா'. நடுவில் ஒற்று இருந்தாலும் பெரும்பாலும் ஓசை உடையும். ஆகவே முழுதாகத் திரும்பும் சொற்கள் அநேகமாக இரண்டு, மூன்று எழுத்துக்காரர்கள். வாசி திரும்பினால் சிவா, மரா திரும்பினால் ராம. எனவே (2) என்று எண் போட்டுப் 'பின்வாங்கி' வந்தால் திருப்பிப் பார்ப்பதில் தொடங்குவேன். (6), (7) என்று இருந்தால் பொருளில் தொடங்குவேன், அல்லது ஒரு துண்டு மட்டும் திரும்புகிறதா என்று பார்ப்பேன்.

கட்டமே பின்வாங்கும்போது

நம் வாரப் பத்திரிகைக் குறுக்கெழுத்துகளில் ஒரு விசேஷம் உண்டு. இடமிருந்து வலம், மேலிருந்து கீழ் என்ற இரண்டோடு நிற்காமல் வலமிருந்து இடம், கீழிருந்து மேல் என்றும் குறிப்புகள் வரும். நான்கில் இரண்டு திசை பின்னோக்கித்தான். அங்கே குறிப்பில் 'திரும்பி' என்ற சொல்லே இருக்காது, கட்டம் தானாகத் திருப்பிவிடும். எண் போட்ட கட்டத்தில் முதல் எழுத்து, அங்கிருந்து இடப்பக்கமாகவோ மேலாகவோ போக வேண்டும்.

சிக்கல் எங்கே வரும் என்றால், வலமிருந்து இடம் வரிசையில் உள்ள குறிப்பே 'தலைகீழாகிவிட்டான்' என்று சொல்லும்போது. திருப்பியதைத் திருப்பினால் சொல் இடமிருந்து வலமாக நேராக நிற்கும். இந்த மாதிரி இடத்தில் மனக்கணக்கு வேண்டாம். ஓரத்தில் சொல்லை எழுதி, எழுத்துக்கு மேல் 1, 2, 3 போட்டுக்கொண்டு கட்டத்துக்கு மாற்றுங்கள். பெரியப்பாவே அப்படித்தான் செய்வார்.

இப்போது பொருள்: பின்வாங்குவது யார்?

கட்டளை இல்லை, பொருள்தான் என்று முடிவாகிவிட்டதா? இங்கேதான் நிறையப் பேர் ஒரே சொல்லைப் பிடித்துக்கொண்டு தொங்குவார்கள். தமிழில் ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகப் பின்னால் போகிறார்கள். யார் போகிறார் என்று கண்டுபிடித்தால் வினை தானாக வந்து விழும்.

நீரை எடுத்துக்கொள்வோம். வெள்ளம் வடியும். ஏரி வற்றும். கடல் உள்வாங்கும். அணையின் நீர்மட்டம் சரியும், இறங்கும், குறையும். மேட்டூர் அணையின் முழு மட்டம் 120 அடி. நீர் நன்றாக இறங்கிவிட்டால் பண்ணவாடிப் பக்கம் மூழ்கிக் கிடந்த பழைய நந்தி சிலை வெளியே தெரியும், பழைய தேவாலயத்தின் கோபுரமும் தலைகாட்டும். 'பண்ணவாடி நந்தி தெரிய நீர் இதைச் செய்ய வேண்டும்' என்று ஒரு குறிப்பு வந்தால் (2) என்றால் வடி அல்லது குறை, (3) என்றால் வற்று, (4) என்றால் இறங்கு. (5) என்று பார்த்து 'உள்வாங்கு' என்று எழுதக் கை நீளும், கொஞ்சம் பொறுங்கள். உள்வாங்குவது கடலுக்குத்தான் இயல்பு, அணைக்கு அப்படிச் சொல்வதில்லை.

போர்க்களத்துக்குப் போனால் சொற்கள் பழசாகிவிடும். புறமுதுகு, புறங்காட்டு, புறங்கொடு என்று 'புறம்' முன்னால் வந்து நிற்கும். புறம் என்றால் முதுகு. முதுகில் பட்ட காயம் புறப்புண் (5). வெண்ணிப் போரில் கரிகாலனோடு மோதிய சேரமான் பெருஞ்சேரலாதன் அப்படி ஒரு காயத்துக்கு நாணி வடக்கிருந்து உயிர் விட்டான் என்று சங்கப் பாட்டு சொல்கிறது. எனவே 'சேரனை வடக்கிருக்க வைத்தது' என்று வந்தால் வாள், வேல் என்று தேடாமல் புறப்புண்ணைப் போட்டுப் பாருங்கள். 'தாக்கவே பின்னால் போகும்' என்று வந்தால் அது கோழையைப் பற்றியதே இல்லை. முட்டப் போகும் ஆட்டுக்கிடா முதலில் பின்னால் போகும். திருக்குறள் அந்தக் கிடாவைத் தகர் என்கிறது, அது பின்னால் போவதைப் பேர்தல் என்கிறது. தகர் (3), பேர் (2), இரண்டும் புதிர் கட்டுகிறவர்களுக்கு அல்வா.

வானத்தில் என்றால் நிலவு தேயும், கிரகம் வக்கிரமாகும். வக்கிரம் (5) என்ற சொல்லை இன்றைக்கு மனக்கோணலுக்குத்தான் பலர் பயன்படுத்துகிறார்கள், அதனால் இந்தக் குறிப்பு நன்றாக ஏமாற்றும். சூரியனைச் சுற்றும் ஓட்டத்தில் பூமி செவ்வாயை முந்தும்போது, நாம் முந்திச் செல்லும் சைக்கிள் பின்னால் போவதுபோலத் தெரிகிற மாதிரி, செவ்வாய் பின்னோக்கி நகர்வதாகத் தெரியும். சுமார் 26 மாதத்துக்கு ஒருமுறை இது நடக்கும். "நம்ம சேலத்துச் செவ்வாய்ப்பேட்டை வக்கிரம் ஆகாதா?" என்று பெரியப்பா ஒருமுறை கேட்டார், அதற்கு நான் சிரிக்கவில்லை. ஜோதிடக் கணக்கில் சூரியனுக்கும் சந்திரனுக்கும் வக்கிரம் கிடையாது. ராகுவும் கேதுவும் எப்போதும் பின்னோக்கித்தான். ஆகவே 'என்றும் பின்னால் நகர்பவர் (2)' என்றால் இருவரில் ஒருவர். யார் என்பதை ஊடே வரும் எழுத்துதான் சொல்ல வேண்டும், குறிப்பு சொல்லாது.

மனிதர்கள், பணம், படிப்பு. இவை அன்றாடச் சொற்கள். கட்டாத வாடகை பாக்கி அல்லது நிலுவை, இரண்டும் (3). கல்லூரியில் தங்கிப்போன பாடம் அரியர் (4). ஓட்டு எண்ணும் நாளில் டிவி முழுக்கப் பின்னடைவு (5). பங்குச் சந்தையில் சரிவு. அரசுப் பணியில் சுணக்கம் அல்லது தொய்வு. வாக்குக் கொடுத்துவிட்டு விலகுகிறவன் பேச்சு வழக்கில் ஜகா வாங்குவான், கடன்காரனைக் கண்டவன் கம்பி நீட்டுவான். நல்ல புதிரில் இப்படிப்பட்ட பேச்சு வழக்கு வந்தால், குறிப்பின் வாசகமும் அதே தொனியில் கொச்சையாக இருக்கும். குறிப்பு கறாரான நடையில் இருந்தால் விடையும் அப்படித்தான்.

'ங்கு' கூட்டம்

நாலு கட்டம், பின்னால் போகும் பொருள், கடைசியில் 'ங்கு'. இந்த நிலைமை எத்தனை முறை வரும் என்று நீங்களே பார்ப்பீர்கள். ஒதுங்கு, பதுங்கு, ஒடுங்கு, தயங்கு, சுணங்கு, முடங்கு, அடங்கு, சுருங்கு, இறங்கு. எல்லாம் (4). பின்வாங்கு, பின்தங்கு, உள்வாங்கு மூன்றும் இதே கூட்டம்தான், (5). தமிழில் பின்னால் போகும் வினைகளுக்கு இந்த 'ங்கு' மேல் அப்படி என்ன ஆசையோ!

எனவே மூன்றாவது நான்காவது கட்டத்தில் 'ங்', 'கு' கிடைத்துவிட்டது என்று குதிக்காதீர்கள், அதனால் ஒன்றும் முடிவாகாது. முதல் இரண்டு கட்டம்தான் விஷயம். மறுபடி அதே கேள்வி, யார்? மழைக்குக் கடையோரம் நிற்பவன் ஒதுங்குகிறான். பாயப்போகும் புலி பதுங்குகிறது. ஓட்டுக்குள் போகும் ஆமை ஒடுங்குகிறது அல்லது அடங்குகிறது. வாயைத் திறக்கப் பயப்படுகிறவன் தயங்குகிறான். நின்றுபோன தொழில் முடங்குகிறது. துவைத்த துணி சுருங்குகிறது. 'மலைப்பாதையில் இறங்கும் வண்டி ஏறும் வண்டிக்கு வழிவிட்டுச் செய்வது' என்றால், 'இறங்கு' என்ற சொல் குறிப்பிலேயே இருப்பதால் அதைத் தள்ளிவிட்டு 'ஒதுங்கு' என்று போடலாம். குறிப்பில் அச்சாகி இருக்கும் சொல் விடையில் வருவது அபூர்வம். எனக்கு 'மூச்சு வாங்க' வைத்த பொறியும் இதே ரகம்.

ஒரு சொல், இரண்டு முகம்

சில குறிப்புகளில் கட்டளையும் இருக்காது, கதையும் இருக்காது. ஒரே சொல்லுக்கு இரண்டு பொருளைப் பக்கத்தில் வைத்து ஒட்டியிருப்பார்கள். 'கூரையைக் காப்பது, தோற்றவன் செய்வது (2)' என்றால் ஓடு. 'கதவில் போடுவது, தராசில் கனத்த தட்டு செய்வது (2)' என்றால் தாழ். 'கல்லாப்பெட்டி இருக்கும் இடம் வரிசையில் பின்தங்கியவனுக்கும் (2)' என்றால் கடை. பேர் (2) கிடாவுக்கும் ஆகும், ஆளைக் கூப்பிடவும் ஆகும்.

எனக்கு மிகவும் பிடித்தது ஒன்று உண்டு.

அன்று போரில் பின்வாங்கினான், இன்று மேடையில் அசத்தினான் (6).

பின்னிட்டான். பழைய நடையில் பின்னிடுதல் என்றால் பின்வாங்குதல். இன்றைக்குக் கச்சேரி முடிந்து வெளியே வருகிறவன் "பின்னிட்டான்யா" என்றால் நேர்மாறு. இதைக் கட்டியது நான்தான் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஒட்டுவதும் ஒளிப்பதும்

'பின்' என்ற இரண்டெழுத்தைத் தனியாகக் கவனியுங்கள். பிறகு, பின்னால் என்பது மட்டும் அதன் பொருள் இல்லை. சேலை மடிப்பில் குத்துவதும் பின், ஏடிஎம் கேட்பதும் பின். 'ஊசியோடு லாட்ஜில் இரு, கூட வந்தவர்கள் போயாச்சு (5)' என்றால் பின் + தங்கு. வாங்கு என்றால் விலைக்கு எடு என்று நமக்கு. ஈழத்தில் வாங்கு என்றால் பெஞ்சு.

ஒட்டும்போது புணர்ச்சியை மறந்தால் கட்டம் இடிக்கும். பின் + அடை (ஆமாம், அவியலுக்குத் துணையான அதே அடை) சேர்ந்தால் கட்டத்தில் 'அ' தெரியாது, 'பின்னடை' என்று 'ன' வரும். பின் + படு பிற்படு ஆகும், 'ன்' போய் 'ற்'. புறம் + காட்டு புறங்காட்டு. சில சமயம் எண்ணிக்கையே மாறும்.

பின்வாங்கும் கைதியோடு ஒரு பூண்டு சேர, காட்டில் வழி தவறும் (6).

கைதி திரும்பினால் திகை (2), பூண்டு (3). கூட்டினால் ஐந்துதானே? நடுவில் ஒரு 'ப்' முளைக்கும். திகைப்பூண்டு. மிதித்தவருக்கு வழி மறந்துவிடும் என்று மலைக்காட்டுப் பக்கம் சொல்லும் அதே செடி. முன்னே சொன்ன 'ஒரு துண்டு மட்டும் திரும்புவது' என்பதும் இதுதான்.

ஒளித்து வைப்பதற்கு ஓர் உள்ளூர் உதாரணம் போதும். 'குரங்குச்சாவடியின் கோடியில் வெள்ளம் இறங்கு (2)'. கோடி என்றால் கடைசி. ஊர்ப்பெயரின் கடைசி இரண்டு எழுத்து 'வடி'. கோடி, ஓரம், வால், இறுதி, கடை என்று வந்தால் பின்பக்க எழுத்தை வெட்டி எடுக்கச் சொல்கிறார்கள். தலை, முகப்பு என்றால் முன்பக்கம். 'வாலறுந்த', 'கடைசி இல்லாமல்' என்றால் அந்த எழுத்தைக் கழிக்க வேண்டும். 'பின்தங்கிய' என்ற சொல்லையும் சிலர் கடைசி எழுத்துக்குப் பயன்படுத்துகிறார்கள். எனக்கு அது கொஞ்சம் ஏமாற்று வேலையாகத்தான் படுகிறது, ஆனால் வருகிறது.

கை வைத்துப் பார்க்க நான்கு

1. ஈழத்துப் பள்ளியில் கடைசி வரிசை, சண்டை வேண்டாமென்று விலகு (5).

2. ஒவ்வொரு இரவும் பின்வாங்கும் நிலா (4).

3. படி, பின்வாங்கினால் ஈசன் (2).

4. போனாலும் திரும்பி வந்தாலும் மாறாத கிழவர் (3).

முதலாவது பின்வாங்கு. இரண்டாவதில் 'பின்வாங்கும்' என்பதைப் பார்த்து நிலாவைத் திருப்பப் போயிருந்தால் 'லாநி' என்று எதுவோ வந்திருக்கும். பொருள்தான் அது, விடை தேய்பிறை. மூன்றாவதில் படி என்பது மாடிப்படி இல்லை, வாசி. திரும்பினால் சிவா. நான்காவதுக்கு நான் விடை எழுதப்போவதில்லை. பெரியப்பா இதை என்னிடம் கேட்டபோது, 'ஆலும்' என்ற இடத்தில் விரலை வைத்துக்கொண்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பேரன் பிறந்த பிறகு அவரையும் வீட்டில் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்.